‘அவ குணமே அப்படி’ என்று முடிவு கட்டுமுன்

காலை 9.30-க்குக் கடை திறக்கிறது. சேலைப் பிரிவில் வேலை பார்க்கும் பெண் 9.50-க்குப் படியேறி வருகிறார். இந்த வாரத்தில் இது இரண்டாவது தடவை. தளத்தைக் கவனிக்கும் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்க்கிறார், அந்தப் பெண்ணைப் பார்க்கிறார், மனதுக்குள் ஒரு சொல் விழுகிறது: ‘பொறுப்பே கிடையாது.’ பத்து நிமிடம் கழித்து கேஷியர் வருகிறார். பல வருடமாகக் கூடவே இருப்பவர். இப்போது விழும் சொல் வேறு: ‘பாவம், வண்டி மக்கர் பண்ணியிருக்கும்.’

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். ஒரே செயலுக்கு ஆளைப் பார்த்து வேறு வேறு காரணம் சொல்லும் இந்தப் பழக்கத்தைச் சமூக உளவியலில் ‘காரணம் கற்பித்தல்’ என்ற தலைப்பில் படிக்கிறார்கள். வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஃபிரிட்ஸ் ஹைடர் 1958-இல் இதற்கு அடிப்படை போட்டார். ஒருவர் செய்ததைப் பார்க்கும் நாம் அதற்கான காரணத்தை ஆளுக்குள்ளே வைக்கிறோம், இல்லையென்றால் வெளியே சூழ்நிலையில் வைக்கிறோம் என்பது அவருடைய அடிப்படைக் கருத்து. எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்து வருவது மெமோவா, ஷிஃப்ட் மாற்றமா, ஒரு டம்ளர் தண்ணீரா என்பது முடிவாகிறது.

கடை, பட்டறை, அலுவலகம், வகுப்பறை என்று பிறரை எடைபோடுவதே வேலையின் ஒரு பகுதியாக இருப்பவர்களுக்கான செய்முறை இது. ஒரு நோட்டு, நான்கு வாரம், கடைசியில் கால் மணி நேரப் பேச்சு, இவ்வளவுதான் வேண்டும்.

முதல் சொல் ஏன் குணத்தின் மேல் விழுகிறது

1967-இல் எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் இருவரும் கியூபாவின் ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதிய கட்டுரைகளை மாணவர்களிடம் படிக்கக் கொடுத்தார்கள். சிலரிடம், எழுதியவர் தாமாகப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தார் என்றார்கள். வேறு சிலரிடம், இந்தப் பக்கம்தான் எழுத வேண்டும் என்று அவருக்குக் கட்டளை இருந்தது என்றார்கள். கட்டளை என்று தெளிவாகத் தெரிந்தும், ஆதரித்து எழுதியவர் உள்ளூரவும் ஆதரவாளராகத்தான் இருப்பார் என்ற பக்கமே படித்தவர்கள் சாய்ந்தார்கள். சூழ்நிலையின் கையைக் கண்ணெதிரே காட்டினாலும் நம் மனம் குணத்தையே பிடித்துக்கொள்கிறது.

காரணம், ஆள் கண்ணுக்குத் தெரிகிறார், சூழ்நிலை தெரிவதில்லை. படியேறி வரும் பெண் தெரிகிறார். அவர் வீட்டுக் குழாய் தெரியாது.

இதைவிட முக்கியமான இன்னொன்று 1988-இல் டேனியல் கில்பர்ட்டும் அவருடைய சகாக்களும் செய்த சோதனையில் வெளிப்பட்டது. ஒரு பெண் பதற்றமாகப் பேசிக்கொண்டிருக்கும் வீடியோ, சத்தம் இல்லாமல். அவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்பது கீழே எழுத்தில் வரும். ஒரு குழுவுக்குச் சாதாரணத் தலைப்புகள், இன்னொரு குழுவுக்கு யாராக இருந்தாலும் நெளியவைக்கும் அந்தரங்கத் தலைப்புகள். சும்மா பார்த்தவர்கள், ‘இந்தத் தலைப்பில் பேசச் சொன்னால் யாருக்குத்தான் பதறாது’ என்று கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். தலைப்புகளை மனப்பாடம் செய்யும் வேலையும் கூடவே தரப்பட்டவர்களால் அப்படிச் செய்ய முடியவில்லை. பதற்றத்தை விளக்கும் தலைப்பையே மனப்பாடம் செய்துகொண்டிருந்தும், ‘இவர் பதற்ற சுபாவம் உள்ளவர்’ என்றே மதிப்பிட்டார்கள்.

ஆக, எடைபோடுதல் இரண்டு படியாக நடக்கிறது. முதல் படி தானாக நடக்கும், அது குணத்தைச் சொல்லும். சூழ்நிலையைக் கழித்துப் பார்க்கும் இரண்டாவது படிக்கு ஓய்ந்த மனம் வேண்டும். தீபாவளி விற்பனை நாளில் பில் கவுண்டரில் நின்றுகொண்டு யாருடைய குணத்தைப் பற்றியும் முடிவெடுக்காதீர்கள் என்பதற்கு இதுதான் காரணம். அந்த நேரத்தில் உங்கள் தலைக்குள் இரண்டாவது படிக்கு இடமே இருக்காது. பசி, தூக்கமின்மை, முதலாளியின் போன் வந்து முடிந்த அடுத்த ஐந்து நிமிடம், இவையும் அதே கணக்கு. நடந்ததை மட்டும் குறித்து வையுங்கள். முடிவை மறுநாள் காலைக்குத் தள்ளுங்கள்.

செயலை எழுதுங்கள், பட்டத்தை எழுதாதீர்கள்

நோட்டில் முதல் வரி எழுதும்போதே பாதித் தவறு நடந்துவிடுகிறது. ‘திமிராகப் பேசினான்’, ‘அலட்சியமாக இருந்தாள்’ என்று எழுதினால் அது நடந்ததன் பதிவு ஆகாது, தீர்ப்பு ஆகிவிடும். மேலே மாட்டியிருக்கும் சிசிடிவி கேமராவுக்கு என்ன தெரிந்திருக்கும், மைக்கில் என்ன பதிவாகியிருக்கும் என்று கேட்டு அதை மட்டும் எழுதுங்கள். ‘வாடிக்கையாளர் மூன்றாவது தடவை வேறு கலர் கேட்டதும், “இருக்கறது இதுதாங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்.’ இந்த வரியிலிருந்து திமிர் என்றும் போகலாம், களைப்பு என்றும் போகலாம், உண்மையிலேயே அந்தக் கலர் ஸ்டாக்கில் இல்லை என்றும் போகலாம். எல்லா வழியும் திறந்திருக்கிறது.

தமிழில் இதற்கு ஒரு தனிக் கவனம் வேண்டும். தீர்ப்பு பெயரடையில் மட்டும் இருப்பதில்லை, துணைவினையில் ஒளிந்துகொள்கிறது. ‘வந்தான்’ என்பது செய்தி. ‘வந்து தொலைத்தான்’ என்பது எரிச்சல். ‘பேசினாள்’ செய்தி, ‘பேசித் தள்ளினாள்’ விமர்சனம். ‘எழுதினான்’ செய்தி, ‘எழுதிக் கிழித்தான்’ ஏளனம். ‘போட்டுட்டுப் போயிட்டா’ என்பதில் உள்ள ‘விட்டு’ அந்தப் பெண் பொறுப்பைக் கைகழுவினார் என்ற முடிவைச் சத்தமில்லாமல் உள்ளே கொண்டுவருகிறது. ஏகாரமும் அப்படியே: ‘சொல்லவில்லை’க்கும் ‘சொல்லவே இல்லை’க்கும் நடுவில் ஒரு குற்றச்சாட்டு உட்கார்ந்திருக்கிறது. ‘எப்பப் பார்த்தாலும்’, ‘ஒரு நாளாவது’, ‘என்னைக்குத்தான்’ போன்றவை வந்தால் அந்த வரியை அடித்துவிட்டுத் தேதியும் மணியும் போடுங்கள்.

எழுதியதைச் சரிபார்க்கச் சுலபமான வழி: உங்களுக்கு மிகவும் பிடித்த ஒருவரைப் பற்றி இதே வரியை எழுதியிருப்பீர்களா என்று வாசித்துப் பாருங்கள். எழுதியிருக்க மாட்டீர்கள் என்றால் வரியை மாற்றுங்கள்.

மூன்று கேள்விகள்

1967-இல் ஹரால்ட் கெல்லி கொடுத்த முறை இது. இன்றைக்கும் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்ய இதைவிட நல்ல கருவி இல்லை.

முதல் கேள்வி: இதே நிலையில் மற்றவர்களும் இப்படித்தான் செய்கிறார்களா?
இரண்டாவது: இவர் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இப்படியா, எல்லாவற்றிலுமா?
மூன்றாவது: இதே விஷயத்தில் ஒவ்வொரு தடவையும் இப்படியா, எப்போதாவதா?

மற்றவர்கள் செய்வதில்லை, இவர் எல்லாவற்றிலும் இப்படி, ஒவ்வொரு தடவையும் இப்படி என்றால் காரணம் ஆளிடம் இருக்க வாய்ப்பு அதிகம். எல்லோரும் செய்கிறார்கள், இந்த விஷயத்தில் மட்டும், தவறாமல் நடக்கிறது என்றால் காரணம் அந்த விஷயத்தில் இருக்கிறது. அது ஒரு குறிப்பிட்ட வாடிக்கையாளராக இருக்கலாம், பழுதான பில் மெஷினாக இருக்கலாம், யாராலும் முடிக்க முடியாத அளவு நீளமான ஸ்டாக் பட்டியலாக இருக்கலாம். எப்போதாவதுதான் நடக்கிறது என்றால் அன்றைய சூழ்நிலையைத் தேட வேண்டும்.

இப்போது நம் சேலைப் பிரிவுப் பெண்ணுக்கு வருவோம். வாரம் ஆறு நாள் வேலை, நான்கு வாரம், மொத்தம் 24 நாள். நோட்டில் 24 கட்டம் போடுங்கள். தாமதமாக வந்த நாளை மட்டும் குறிப்பதுதான் இங்கே நடக்கும் மிகப் பெரிய தவறு. நேரத்துக்கு வந்த நாள் கண்ணை உறுத்துவதில்லை, அதனால் நினைவிலும் தங்குவதில்லை. 24 கட்டத்திலும் மணி எழுத வேண்டும். இன்னொன்று, இந்தப் பெண்ணுக்கு மட்டும் கட்டம் போடாதீர்கள். பிரிவில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து பேருக்கும் போடுங்கள். ஒருவரை மட்டும் பார்த்தால் முதல் கேள்விக்குப் பதிலே கிடைக்காது, அது நியாயமும் இல்லை.

மாத முடிவில் கட்டங்கள் இப்படி இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்: 24-இல் 17 நாள் 9.20-க்கே வந்திருக்கிறார். ஏழு நாள் தாமதம். ‘தினமும் லேட்’ என்று மனதில் பதிந்திருந்தது இந்த ஏழுதான். இனி அந்த ஏழையும் கிழமைவாரியாகப் பிரியுங்கள். செவ்வாய், வெள்ளி இரண்டிலும் சேர்த்து ஆறு, ஒரு சனிக்கிழமை. செவ்வாயும் வெள்ளியும் மாதத்தில் எட்டு நாள், அதில் ஆறு தாமதம். மீதி 16 நாளில் ஒன்றே ஒன்று. பொறுப்பின்மைக்குக் கிழமை தெரியாது. கிழமை பார்த்து வருவது சூழ்நிலை.

இரண்டாவது கேள்விக்கும் கட்டத்துக்கு வெளியே பதில் இருக்கிறது. மடிப்பு சரியாக வைக்கிறாரா, ஸ்டாக் எழுதும்போது எண் தவறுகிறதா, மதியம் சாப்பிட்டுவிட்டு நேரத்துக்குத் திரும்புகிறாரா? மதியம் கொடுத்த முப்பது நிமிடத்தில் இருபத்தைந்திலேயே திரும்பிவிடுபவர் காலையில் மட்டும் பொறுப்பில்லாதவர் ஆவது எப்படி?

முதல் கேள்விதான் வழுக்கும். லெஸ்லி மெக்ஆர்தர் 1972-இல் இந்த மூன்றையும் சோதித்தபோது, ‘மற்றவர்கள் எப்படி’ என்ற தகவலைத்தான் மக்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்தினார்கள். பயன்படுத்துபவர்களும் தவறான ஆளோடு ஒப்பிடுவார்கள். ‘அதே தெருவிலிருந்து வர்ற இன்னொரு பொண்ணு கரெக்டா வருதே’ என்பது கேட்க உறுதியான வாதம்தான். செவ்வாயும் வெள்ளியும் அந்தத் தெருவுக்குக் காலை எட்டிலிருந்து ஒன்பது வரை குடிநீர் வருகிறது. அந்த இன்னொரு பெண் வீட்டில் தண்ணீர் பிடிக்க மாமியார் இருக்கிறார். இந்தப் பெண் வீட்டில் யாரும் இல்லை. தெரு ஒன்று, சூழ்நிலை வேறு. ஒப்பிடும்போது, ‘அதே சுமையோடு வருகிற இன்னொருவர் யார்’ என்று கேட்க வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்கவில்லையென்றால் முதல் கேள்விக்குப் பதில் இல்லை என்றே நோட்டில் எழுதுங்கள்.

நான்கு வாரம் காத்திருக்க முடியாது என்பவர்கள் இரண்டு வாரமாவது எழுதுங்கள். அதற்குக் குறைந்தால் கிழமைப் போக்கு தெரியாது. ஒவ்வொரு கிழமையும் ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கும்.

எடையைக் கூட்டுவதும் குறைப்பதும்

கெல்லியே சொன்ன இன்னும் இரண்டு விதிகள் உண்டு. வெளியிலிருந்து அழுத்தம் இருக்கும்போது செய்த செயலுக்குக் குணத்தின் பங்கைக் குறைத்துப் போட வேண்டும். தடையை மீறிச் செய்த செயலுக்குக் கூட்டிப் போட வேண்டும். கமிஷன் உள்ள பிரிவில் சேல்ஸ்மேன் சிரிப்பதிலிருந்து அவர் குணம் தெரியாது. அவர் சிரிக்கத்தான் வேண்டும். கடை மூடும் நேரத்தில், வாங்க மாட்டார் என்று தெரிந்த வயதானவருக்கு உட்கார ஸ்டூல் இழுத்துப் போட்டால் அதை எழுதி வையுங்கள்.

பதவி தரும் பளபளப்பையும் குறைத்தே போட வேண்டும். 1977-இல் லீ ராஸும் சகாக்களும் ஒரு வினாடி வினா நடத்தினார்கள். கேள்வி கேட்பவர் யார், பதில் சொல்பவர் யார் என்பதை எல்லோருக்கும் தெரியும்படி குலுக்கல் முறையில் முடிவுசெய்தார்கள். கேட்பவர் தமக்குத் தெரிந்ததிலிருந்தே கடினமான கேள்விகளைத் தயாரிக்கலாம். ஆகவே அவர் தடுமாற வாய்ப்பே இல்லை. இருந்தும் பார்வையாளர்கள் கேட்பவரையே அறிவாளி என்றார்கள். பதில் சொன்னவர்களும் அப்படியே நினைத்தார்கள். வைவா தேர்வில், நேர்முகத் தேர்வில், வருடாந்தர ஆய்வில் மேசைக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம் என்பது எப்படித் தீர்ப்பைச் சாய்க்கும் என்பதற்கு இதுவே அளவுகோல். நேர்முகத்தில் திணறிய பையனுக்கு ‘விஷயம் இல்லை’ என்று எழுதுமுன், அதே கேள்வியை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் முன்னறிவிப்பு இல்லாமல் கேட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

அவசரத்தின் எடையையும் நாம் குறைவாகவே போடுகிறோம். ஜான் டார்லி, டேனியல் பேட்சன் இருவரும் 1973-இல் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் பேச அனுப்பினார்கள். வழியில் ஒருவர் சுருண்டு கிடந்தார். நேரம் தாராளமாக இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். மிகவும் நேரமாகிவிட்டது என்று சொல்லி விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம். அவர்களில் சிலர் பேசப் போய்க்கொண்டிருந்த தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு நின்று உதவியவரைப் பற்றி பைபிளில் வரும் நல்ல சமாரியன் கதைதான். கவுண்டரில் ஒருவர் முகம் கொடுத்துப் பேசவில்லை என்ற புகார் வந்தால், முதலில் அந்த நேரத்தில் வரிசையில் எத்தனை பேர் நின்றார்கள் என்று பாருங்கள்.

கேட்கும் விதம்

நோட்டு பாதிதான். மீதியைச் சம்பந்தப்பட்டவர் வாயிலிருந்து வாங்க வேண்டும். கேட்பதற்கு முன் ஒரு துண்டுச் சீட்டில் மூன்று விளக்கம் எழுதுங்கள். ஒன்று ஆளைப் பற்றி, ஒன்று அவருடைய சூழ்நிலையைப் பற்றி, ஒன்று உங்களைப் பற்றி: நீங்கள் போட்ட நேரப் பட்டியல், நீங்கள் சொல்ல மறந்த மாற்றம், நீங்கள் கொடுத்த தெளிவில்லாத உத்தரவு. மூன்றாவதை எழுதத்தான் பேனா ஓடாது. கட்டாயம் எழுதுங்கள்.

இது ஏன் தேவை? 1978-இல் மார்க் ஸ்னைடர், வில்லியம் ஸ்வான் செய்த சோதனையில், எதிரில் இருப்பவர் கலகலப்பானவரா என்று கண்டுபிடிக்கச் சொன்னால் மக்கள் கலகலப்பை வெளியே இழுக்கும் கேள்விகளையே தேர்ந்தெடுத்தார்கள், ஒதுங்கிய சுபாவமா என்று கேட்டால் அதை வெளிக்கொணரும் கேள்விகளை. ஒரே ஒரு விளக்கத்தோடு போனால் அதற்கான சாட்சியைத்தான் கொண்டுவருவீர்கள்.

‘ஏன்’ என்ற சொல்லை முதலில் எடுக்காதீர்கள். மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் ‘ஏம்மா லேட்டு?’ என்று கேட்டால் அது கேள்வியாகக் காதில் விழாது, திட்டாகவே விழும். பதிலாக வருவது சமாதானமாக இருக்கும்: ‘பஸ் லேட்டுண்ணே.’ அதை நீங்கள் நம்ப மாட்டீர்கள், அவரும் நீங்கள் நம்புவதை எதிர்பார்க்க மாட்டார். மணி, இடம், வழி என்று பதில் உள்ளதாகக் கேளுங்கள். மற்றவர்கள் காதில் விழாத இடத்தில், இருவரும் உட்கார்ந்துகொண்டு.

‘செவ்வாய்க்கிழமை வீட்டை விட்டு எத்தனை மணிக்கும்மா கிளம்பினே?’
‘ஒன்பதே கால் ஆயிருச்சுண்ணே.’
‘மத்த நாள்ல?’
‘எட்டே முக்காலுக்கே கிளம்பிருவேன்.’
‘செவ்வாய்க்கு மட்டும் என்ன வேலை?’

இங்கே ஒரு மௌனம் வரும். பத்து வினாடியாவது பேசாமல் இருங்கள். நீங்களே ‘உடம்பு சரியில்லையா?’ என்று எடுத்துக்கொடுத்தால் அவர் அதையே பிடித்துக்கொண்டு கரையேறிவிடுவார்.

‘தண்ணி வர்ற நாளுண்ணே. நான் ஒருத்திதான் பிடிக்கணும். குழாயடியில வரிசை முடியவே ஒன்பது ஆயிரும். சொன்னா என்ன நினைப்பீங்களோன்னு…’

வழக்கமான 9.20-க்குப் பதில் 9.50-க்கு வந்த அந்த அரை மணி நேரத்துக்கு, அரை மணி நேரத் தாமதமான கிளம்பல் கணக்குக் கொடுக்கிறது. நோட்டில் உள்ள கிழமையோடும் ஒத்துப்போகிறது. சரிபார்க்க முடிந்த பதில் கிடைக்க வேண்டுமென்றால் சரிபார்க்க முடிந்த கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

கண்ணைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று நம்பாதீர்கள். சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ இருவரும் 2006-இல் இது பற்றிய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துக் கணக்கிட்டபோது, பொய்யா மெய்யா என்று சரியாகச் சொன்னவை சராசரியாக 54 சதவீதம். காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 வரும். மேலதிகாரி முன்னால் தலைகுனிந்து தரையைப் பார்ப்பது நம் ஊரில் மரியாதை, பயம், வெட்கம் எல்லாவற்றுக்கும் பொதுவான உடல்மொழி. அதைக் குற்ற உணர்வு என்று படிப்பது அநியாயம்.

எழுத்தில் வரும் மௌனத்துக்கும் இந்தப் படியே பொருந்தும். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்து மூன்று மணி நேரமாகப் பதில் இல்லை. மனம் உடனே பகை என்ற விளக்கத்தை எடுத்து நீட்டும். எளிதில் சண்டைக்குப் போகும் பையன்கள், தற்செயலா வேண்டுமென்றா என்று தெரியாத செயலை மற்றப் பையன்களைவிட அதிகமாக ‘வேண்டுமென்றே’ என்று எடுத்துக்கொள்வதை 1980-இல் கென்னத் டாஜ் காட்டினார். தெளிவில்லாத செயலுக்குப் பகை என்று பெயர் வைக்குமுன், மூன்று விளக்கம் எழுதி ஒரு நாள் கழித்து நேரில் கேளுங்கள்.

மதிப்பெண் போடும்போது

ஒன்றில் நல்லவர் என்றால் எல்லாவற்றிலும் நல்லவராகத் தெரிவது பழைய நோய். எட்வர்ட் தார்ன்டைக் 1920-இல் ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழ் உள்ளவர்களுக்குப் போட்ட மதிப்பீடுகளைப் பார்த்தார். உடல்தோற்றம், அறிவு, தலைமைப் பண்பு, நடத்தை எல்லாம் நம்ப முடியாத அளவுக்கு ஒன்றோடொன்று ஒட்டியே ஏறி இறங்கின. இதற்கு மருந்து வரிசையை மாற்றுவது. ஒருவருக்கு எல்லாக் கட்டமும் நிரப்பிவிட்டு அடுத்தவருக்குப் போகாதீர்கள். எல்லோருக்கும் முதல் கட்டம், பிறகு எல்லோருக்கும் இரண்டாவது கட்டம். விடைத்தாளும் அப்படியே: 40 தாளிலும் முதல் கேள்வியைத் திருத்தி முடித்து, கட்டைக் கலைத்துப் போட்டு, இரண்டாவது கேள்விக்குப் போங்கள். பெயர் உள்ள பக்கத்தை மடித்துவிட்டுத் திருத்துங்கள். நேரம் கொஞ்சம் கூடப் பிடிக்கும்.

நம்மவர், மற்றவர்

‘நமக்கு நேர்ந்தால் சூழ்நிலை என்போம், பிறர் செய்தால் குணம் என்போம்’ என்று புத்தகங்களில் பொதுவிதிபோல எழுதியிருக்கும். பெர்ட்ராம் மாலே 2006-இல் 173 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், மொத்தமாக எடுத்தால் அந்த வித்தியாசம் ஏறக்குறைய இல்லை. கெட்டது நடக்கும்போது அது தெரிகிறது, நல்லது நடக்கும்போது தலைகீழாகிறது. மண்குடம், பொன்குடம் பழமொழி இந்த வகையில் பாடப்புத்தகத்தைவிடச் சரியாக இருக்கிறது.

இது ஆளோடு நிற்பதில்லை, கூட்டத்துக்கும் பரவும். டெய்லர், ஜக்கி இருவரும் 1974-இல் வெளியிட்ட ஆய்வு தென்னிந்தியாவில் நடந்தது. 30 இந்து எழுத்தர்கள். கடைக்காரர் நியாயமாக நடந்தார், மழையில் நின்றவருக்கு இடம் தரவில்லை என்பதுபோன்ற சிறு சம்பவங்களைக் கொடுத்து, செய்தவர் இந்து என்றும் முஸ்லிம் என்றும் மாற்றிக் காரணம் கேட்டார்கள். தம்மவர் செய்த நல்லதற்குக் குணத்தையும் கெட்டதற்குச் சூழ்நிலையையும் சொன்னார்கள். மற்றவருக்கு அது மாறியது. எந்த மதத்தவரானாலும், எந்தச் சாதியினரானாலும், எந்த ஊர்க்காரரானாலும் இந்தச் சோதனையைத் தம்மீது வைத்துப் பார்ப்பது நல்லது. வழி ஒன்றுதான்: நோட்டில் எழுதிய வரியில் பெயரை மாற்றி, உங்கள் தம்பி பெயரைப் போட்டு, சத்தமாக வாசியுங்கள். காரணம் மாறுகிறதா?

நம் ஊரில் சூழ்நிலையைப் பார்க்கும் பழக்கம் கூடுதலாக உண்டு என்பது உண்மைதான். ஜோன் மில்லர் 1984-இல் வெளியிட்ட ஆய்வில் மைசூரின் இந்துக்களையும் சிகாகோவின் அமெரிக்கர்களையும் ஒப்பிட்டார். எட்டு வயதுக் குழந்தைகளிடம் பெரிய வித்தியாசம் இல்லை. வளர வளர அமெரிக்கர்கள் குணத்தையும் மைசூர்க்காரர்கள் உறவு, கடமை, இடம் பொருள் ஏவலையும் அதிகமாகச் சொன்னார்கள். அதற்காக நாம் தப்பித்துவிட்டோம் என்று கொள்ள வேண்டாம். ‘வளர்ப்பு சரியில்லை’ என்ற நம் விளக்கம் சூழ்நிலைபோலத் தோற்றம் காட்டும். உண்மையில் அது ஒருவர்மேல் விழும் பழியை அவர் அம்மாவுக்கும் சேர்த்துப் பங்கு போடுகிறது, அவ்வளவே.

ஆளிடம்தான் காரணம் என்று தெரிந்தால்

சூழ்நிலையைத் தேடச் சொல்வது மன்னிக்கச் சொல்வது ஆகாது. மூன்று கேள்வியும் ஆளையே காட்டி, அவர் சொன்ன பதில் கட்டத்தோடு ஒத்துப்போகாமல், சொல்லியும் மாறாமல் இருந்தால் ஆளிடம்தான் காரணம். அப்போதும் எந்த வகைக் காரணம் என்று பிரிக்க வேண்டும். பெர்னார்ட் வைனர் வகுத்த வழியில் கேட்பதென்றால்: இது நிலையானதா மாறக்கூடியதா, இவர் கட்டுப்பாட்டில் உள்ளதா இல்லையா? வேலை தெரியாதவருக்குப் பயிற்சி. தெரிந்தும் முயலாதவருக்குக் கண்டிப்பு. பொருந்தாத வேலையில் மாட்டிக்கொண்டு தவறுகிறவருக்கு வேலையை மாற்றிக்கொடுப்பது. இதைக் குழப்பிக்கொண்டு, புரியாத மாணவனை ‘கவனமில்லை’ என்று அடிக்கிற வகுப்பறைகள் நிறைய. அவனுக்கு அடியும் கிடைக்கிறது, கணக்கும் புரிவதில்லை.

ஓர் இடத்தில் இந்தச் செய்முறையைப் பயன்படுத்தவே கூடாது. வீட்டிலோ வேலையிடத்திலோ ஒருவர் அடிக்கிறார், மிரட்டுகிறார், உடம்பில் கை வைக்கிறார் என்றால், 24 கட்டம் போட்டு அவருடைய சூழ்நிலையை ஆராயும் வேலை பாதிக்கப்பட்டவருடையது அல்ல. முதலில் பாதுகாப்பு, புகார். காரணம் பிறகு.

சேலைப் பிரிவுக்குத் திரும்பினால், செவ்வாயும் வெள்ளியும் அந்தப் பெண்ணுக்கு 10 மணிக்கு வேலை தொடங்கட்டும், இரவு அரை மணி நேரம் கூட இருந்து சேலை மடிக்கட்டும். மற்ற நால்வருக்கும் ஏன் என்று அவரையே கேட்டு, அவர் சம்மதித்த அளவுக்குச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் அவர்கள் தாங்களாகவே ஒரு காரணம் கற்பித்துக்கொள்வார்கள். பிறகு இன்னும் இரண்டு வாரம் கட்டம் போடுங்கள். தண்ணீர் வரும் நாள் நான்கு வரும். நான்கிலும் 10-க்குள் வந்துவிட்டால் உங்கள் விளக்கம் நின்றது. வரவில்லையென்றால் மறுபடி உட்கார்ந்து பேசுங்கள், துண்டுச் சீட்டில் மூன்றாவது விளக்கத்தை இன்னொரு தடவை பாருங்கள்.

அந்த ஒரு சனிக்கிழமை? அதைக் கேட்டு நோண்ட வேண்டாம். மணியை மட்டும் எழுதி, காரணத்துக்கான இடத்தைக் காலியாக விடுங்கள்.